எதிரொலிப் பெட்டிகளும் எழுத்திலக்கணமும்

எதிரொலி என்று இன்று நாம் வழங்கும் பொருளுக்குப் பழந்தமிழர் ஆண்ட சொற்களுள் ஒன்று சிலம்புதல். சிலம்பு என்னும் பெயர் ஒலியைக் குறிக்கும், மலையைக் குறிக்கும், மகளிர் காலில் அணியும் அணியையும் குறிக்கும். குறிஞ்சி நிலத் தலைவனுக்குச் சிலம்பன் என்று பெயர் வந்ததும் மலையுறவு பற்றியே. மலையையும் மறுவொலியையும் ஒரு சொல்லுள் அடக்கிய மக்கள், மலையடியில் நின்று கூவிப் பார்த்தவர்களாகவே இருந்திருத்தல் வேண்டும்.

கண்டி நகரில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒருபுறம் ஹந்தானை, ஒருபுறம் பகிரவக்கந்தை, நடுவே 1807ஆம் ஆண்டில் அமைந்த வாவி என்று, குன்றுகள் விளிம்பாகிய கிண்ணம் போன்றது இந்நகர். எசல பெரஹராவின் முன்னே செல்வோர் சாட்டையைச் சொடுக்குங்கால், அவ்வொலி ஒருமுறை காதில் பட்டு, மறுமுறை சற்று மழுங்கி எங்கிருந்தோ திரும்பி வருவதைக் கேட்டோர் பலர். ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆகவே 170 மீற்றருக்கு அப்பால் நிற்கும் பாறை, நாம் சொன்னதை ஒரு செக்கன் கழித்து நமக்கே சொல்லும். மலை செய்யும் எதிரொலிக்குக் கணக்கு இவ்வளவே.

மலையில்லாத இடத்தில் இதே வேலையைச் செய்ய மனிதன் கண்ட பொறியே நாடா எதிரொலிப் பெட்டி. கித்தார் வாசிப்போரும் ஒலிப்பதிவாளரும் இப்பழைய பெட்டிகளை இன்றும் தேடி வாங்குகின்றனர். ஒன்றின் குரல் இனிது, மற்றொன்றின் குரல் கரிது என்று ஓயாது வாதிடுகின்றனர். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். வேலை உண்டு. நம் கோயில் விழாக்களிலும், பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களிலும், திருமண மண்டபங்களிலும் எதிரொலித் திருகியைத் திருப்பிவிட்டே ஒலிவாங்கியைப் பேச்சாளர் கையில் கொடுக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. திருமுறை ஓதும் பிள்ளையின் குரலும், சொற்பொழிவாளரின் சொல்லும், நன்றியுரையும் ஒரே முழக்கமாய்க் குழைந்து போகின்றன. எந்த எதிரொலி சொல்லைக் காக்கும், எது சொல்லைக் கொல்லும் என்று அறிய வேண்டியவர் தமிழ் கற்பிப்போரே.

நாடா வந்த வழி

ஒலியைக் காந்தத்தில் எழுதிவைக்கலாம் என்று காட்டியவர் தென்மார்க்கு நாட்டு வால்டெமார் பௌல்சன், ஆண்டு 1898. அவர் எழுதியது எஃகுக் கம்பியில். 1928இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் பிலொய்மர், காகித நாடாவின்மீது இரும்புத் தூள் பூசும் முறைக்கு உரிமம் பெற்றார். 1935இல் ஏ.இ.ஜி. நிறுவனம் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் மக்னெற்றோபோன் என்னும் பொறியை மக்கள் முன் வைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அப்பொறிகள் இரண்டை ஜாக் மலின் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். அவற்றைக் கண்டு அம்பெக்ஸ் நிறுவனம் தன் பொறியை 1948இல் வெளியிட்டது.

நாடாப் பொறியில் மூன்று காந்தத் தலைகள் வரிசையாய் நிற்கும். முதலாவது பழையதை அழிக்கும். இரண்டாவது புதியதை எழுதும். மூன்றாவது எழுதியதைப் படிக்கும். எழுதும் தலைக்கும் படிக்கும் தலைக்கும் இடையே சிறிது தூரம் உண்டு. நாடா அத்தூரத்தைக் கடக்கும் நேரமே எதிரொலியின் காலம். தலைகளுக்கிடையே 5 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். நாடா செக்கனுக்கு 38 சென்ரிமீற்றர் ஓடினால் எதிரொலி 130 மில்லிசெக்கனில் வரும். 19 சென்ரிமீற்றர் ஓடினால் 260 மில்லிசெக்கனில் வரும். படித்ததை மீண்டும் எழுதும் தலைக்கு ஊட்டினால், ஒன்றன்பின் ஒன்றாய் எதிரொலி தொடரும். ஊட்டு மிகுந்தால் பேசுவோர் வாய் மூடிய பின்னும் பொறி தானே ஊளையிடத் தொடங்கும்.

1954இல் மெம்பிஸ் நகரில் சாம் பிலிப்ஸ், எல்விஸ் பிரெஸ்லியின் குரலைப் பதிந்தபோது, ஒரு பொறியின் ஒலியை மற்றொரு பொறிவழி சற்றே தாழ்த்தி அதனோடு கலந்தார். ஒரே ஒருமுறை, கன்னத்தில் அறைந்தாற்போல உடனே திரும்பும் அவ்வெதிரொலி உலகெங்கும் பரவிற்று. ஆயின் இரண்டு பெரும் பொறிகளை மேடைக்குத் தூக்கிச் செல்லல் எளிதன்று. அதனால் பெட்டிக்குள் அடங்கும் எதிரொலிக் கருவிகள் பிறந்தன.

மாத்திரையும் மில்லிசெக்கனும்

எழுத்தின் ஒலிக்குக் கால அளவு கூறிய நூல் தொல்காப்பியம். இயல்பாய்க் கண் இமைக்கும் பொழுதும் கை நொடிக்கும் பொழுதும் மாத்திரை எனப்படும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இக்காலத்தார் அளந்தவாறு கண்ணிமைப்பு, செக்கனின் பத்தில் ஒரு பங்கு முதல் நான்கு பங்கு வரை நீளும். எதிரொலிப் பெட்டிகள் தரும் காலமும் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள்ளேயே அமைகிறது என்பது எண்ணி மகிழத்தக்கது. இப்பெட்டிகள் மாத்திரையோடு விளையாடும் பொறிகள்.

விளையாட்டின் விளைவைப் பாருங்கள். இரண்டு ஒலிகளுக்கு இடைவெளி ஏறத்தாழ 50 மில்லிசெக்கனுக்குக் குறைந்தால் செவி அவற்றைப் பிரித்தறியாது. ஒலி தடித்ததாகவே கொள்ளும். இதனால் சொல்லுக்குப் பெருந்தீங்கில்லை. 100 முதல் 150 வரை இருந்தால், குறிலின் வால்மேல் அதன் நிழல் வந்து ஒட்டும். 'கல்' என்றது 'கால்' போல நீளும்; 'படு' என்றது 'பாடு' போலக் கேட்கும். 200 மில்லிசெக்கன் அளவில் வேறொரு கேடு. இயல்பாய்ப் பேசுவோர் செக்கனுக்கு ஏறத்தாழ ஐந்து அசைகள் பேசுகின்றனர்; ஓரசைக்கு 200 மில்லிசெக்கன். எனவே, சொன்ன அசையின் எதிரொலி சொல்லும் அசையின் தலைமேலேயே விழும். நம் விழா மேடைகளில் நேர்வது பெரும்பாலும் இதுவே.

மெய் தேய உயிர் நிற்கும்

காலத்தை மட்டும் கொண்டு எதிரொலியின் குணத்தை அறிய இயலாது. நாடாவில் எழுதிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி சிறிது தேய்கிறது. தேய்வது எல்லாம் ஒருபடித்தாய் அன்று. உயர்ந்த அதிர்வுகள் முதலில் மறையும். நடுத்தர அதிர்வுகள் நிலைக்கும். மேலும், திடீரென மோதும் வலிய ஒலியைக் காந்தப் பூச்சு முழுதாய்த் தாங்காது. அதன் முனையை மழுக்கியே ஏற்கும். அதனால் இரண்டாம் எதிரொலி முதலாவதினும் மங்கலாகவும், மூன்றாவது அதனினும் மங்கலாகவும் கேட்கும்.

இவ்விடத்தில் நம் எழுத்திலக்கணம் உதவிக்கு வருகிறது. வல்லின மெய்களின் அடையாளம் பெரிதும் ஒரு கணம் வெடித்து மறையும் உயர்ந்த அதிர்வுகளில் உள்ளது. சகரத்தின் உரசலும் அத்தகையதே. உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த, நடுத்தர அதிர்வுகளில் உள்ளது. மெல்லினங்கள் மூக்கின் முழக்கம் உடையன, அம்முழக்கமும் தாழ்ந்ததே. ஆகவே நாடா எதிரொலியில் முதலில் உதிர்வது வல்லினம். மெல்லினம் ரீங்காரமாய்ச் சிறிது தங்கும். ஆனால் ணகரமா னகரமா என்னும் வேறுபாடு தங்காது. இறுதிவரை நிற்பது உயிர். மெய்யை உடம்பென்றும் உயிரை உயிரென்றும் பெயரிட்ட நம் முன்னோர் கேட்டிருப்பின் புன்னகை புரிந்திருப்பர்: உடம்பு தேய உயிர் நிற்கிறது.

இன்னும் ஒன்று. நெட்டுயிர் அளபெடுக்குங்கால் அதன் பக்கத்தில் இனமான குறிலை எழுதுகிறோம். ஆகாரத்தின் பின் அகரம், ஓகாரத்தின் பின் ஒகரம். முதல் ஒலியினும் குறுகிய நிழலொலி அதன்பின் தொடர்தலே அளபெடை. எழுத்தில் எழுதிய எதிரொலி அது. மெய்யெழுத்துகளில் அளபெடுப்பன எவை என்று பவணந்தியார் நன்னூலில் எண்ணிக் காட்டுகிறார்: ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள ஆகிய பத்தும் ஆய்தமும். க, ச, ட, த, ப, ற என்னும் ஆறனுள் ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை. வெடித்து மறையும் ஒலி நீளாது என்பதை அவர் செவியால் அறிந்தார். எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டபின் வந்த காந்த நாடாவும் வல்லினத்தைப் பற்றி அவர் கொண்ட முடிபையே மெய்ப்பிக்கிறது.

நான்கு பெட்டிகள்

இவ்வளவுகோலைக் கையில் கொண்டு புகழ்பெற்ற பெட்டிகள் நான்கினை ஒப்புநோக்குவோம்.

முதலாவது, இலண்டனில் சார்லி வொட்கின்ஸ் 1958இல் வெளியிட்ட கொப்பிகற். சிறிய நாடா வளையம் ஒன்று மூன்று படிப்புத் தலைகளைக் கடந்து சுற்றிச் சுற்றி ஓடும். விலை எளிது, எளிய இசைக்குழுவினரும் வாங்கினர். நாடா சிறிதாதலின் ஒரே இடம் மீண்டும் மீண்டும் தேயும். ஒட்டிய இடம் தலையைக் கடக்கும்போது ஒலி சற்றே இடறும். ஓட்டம் சீராய் இராமையால் சுருதி நடுங்கும். ஆயினும் அந்நடுக்கத்திலும் கரகரப்பிலும் ஓர் ஈரம் உண்டு. கித்தாரின் மெல்லிய நரம்பொலிக்கு உடம்பு கொடுக்கும். சொல்லுக்கு இது ஏற்றதன்று: மெய் விரைவில் சிதையும்.

இரண்டாவது, அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் மைக் பற்றில் வடிவமைத்து 1959இல் வந்த எக்கோபிளெக்ஸ். இதன் சிறப்பு, தலையொன்றைக் கையால் நகர்த்தி எதிரொலியின் காலத்தை வேண்டியவாறு மாற்றலாம் என்பது. ஏறத்தாழ பத்தில் ஒரு செக்கன் முதல் அரைச் செக்கனுக்கு மேலும் நீட்டலாம். நாடாவும் தனிப் பேழையில் அடங்கியிருத்தலின் மாற்றுதல் எளிது. தொடக்கத்தில் வால்வுகளாலும், 1970 அளவில் வந்த மூன்றாம் வகையில் திரான்சிஸ்ரராலும் அமைந்தது. இதன் எதிரொலி உருண்டையானது, தேன் வடிவது போன்றது என்பர் இசைவாணர். உயிரை நீட்டி, மெல்லினத்தைத் தாங்கி, வல்லினத்தை மெல்ல உதிர்ப்பது. அளபெடைக்கு நிகரான பெட்டி எது என்று என்னைக் கேட்பின் இதனையே சுட்டுவேன்.

மூன்றாவது, இத்தாலியின் மிலான் நகரத்துப் பின்சன் நிறுவனத்தின் எக்கோறெக். இதில் நாடா இல்லை. உலோகக் கம்பி சுற்றிய உருளையொன்று சுழலும். அதனைச் சுற்றித் தலைகள் நிற்கும். பௌல்சன் கம்பியில் எழுதிய பழைய முறையின் வழித்தோன்றல் இது. உருளை கனமாதலின் ஓட்டம் சீர். சுருதி நடுக்கம் குறைவு. நாடா அறுதலும் தேய்தலும் இல்லை. புகழ்பெற்ற வகையில் படிப்புத் தலைகள் நான்கு. கடைசித் தலையின் காலம் ஏறத்தாழ 300 மில்லிசெக்கன். தலைகளைப் பலவாறு சேர்த்துத் தாளக்கட்டு அமைக்கலாம். பிங்க் பிளொய்ட் குழுவினர் இதனைப் பெரிதும் கையாண்டனர். இதன் குரல் தெளிவும் ஆழமும் உடையது. நான்கனுள் மெய்யை நெடுநேரம் காப்பது இதுவே எனலாம். ஆனால் எடை மிகுதி; பழுது பார்ப்போரும் அரியர்.

நான்காவது, யப்பானின் றோலண்ட் நிறுவனம் 1974இல் வெளியிட்ட ஆர்.இ. 201 என்னும் ஸ்பேஸ் எக்கோ. நீண்ட நாடா எச்சக்கரத்திலும் சுற்றப்படாது, கண்ணாடி போன்ற மூடியின்கீழ்த் தளர்வாய் மடிந்து கிடந்து ஓடும். இழுப்பு இன்மையால் தேய்வு குறைவு. சுருதி நடுக்கமும் மிதமானது. மூன்று படிப்புத் தலைகள். அவற்றைச் சேர்க்கும் வகைகளைத் தேரும் திருகி பன்னிரண்டு நிலைகள் உடையது. கம்பிச்சுருளால் ஆகிய முழக்கமும் உள்ளே உண்டு. காலம் ஏறத்தாழ அரைச் செக்கன் வரை செல்லும். ஜமெய்க்காவின் ஒலிப்பதிவாளர் இதனையே ஓர் இசைக்கருவியாக்கினர். ஒரு சொல்லை மட்டும் பாட்டிலிருந்து பிடுங்கி, ஊட்டை உயர்த்தி, அது புகையாய்க் கலையும்வரை சுழலவிட்டனர். வல்லினம் உதிர்ந்து, மெல்லினம் மங்கி, ஈற்றில் உயிர் மட்டும் வெளியில் மிதப்பதை அவ்விசைத்தட்டுகளில் தெளிவாய்க் கேட்கலாம்.

சுருங்கச் சொன்னால், கொப்பிகற்றின் எதிரொலி நடுங்கும். எக்கோபிளெக்ஸின் எதிரொலி கனியும். எக்கோறெக்கின் எதிரொலி நிலைக்கும். ஸ்பேஸ் எக்கோவின் எதிரொலி பரவும்.

தேயாத எதிரொலியின் கேடு

இன்று நம் மேடைகளில் உள்ளது இவற்றுள் எதுவும் அன்று. ஒலியை எண்களாக்கித் திருப்பித் தரும் சிறு சில்லு. அதற்கு நாடா வேண்டா, எண்ணெய் வேண்டா, கண்டியின் மழைக்காலத்து ஈரத்தால் நாடாவில் பூஞ்சணம் பிடிக்குமே, உருளையின் றப்பர் இறுகுமே என்ற கவலையும் வேண்டா. இவையெல்லாம் நன்மைகளே. பழம்பெட்டிகளின் குரலைப் போலி செய்யும் எண்முறைக் கருவிகளும் உள்ளன. ஸ்பேஸ் எக்கோவின் அத்தகைய வடிவத்தை அந்நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்த பொஸ் 2022இல் வெளியிட்டது.

ஆயின் வேண்டுமென்றே மங்கச் செய்தாலன்றி, எண்முறை எதிரொலி தேய்வதில்லை. பேச்சாளர் 'தமிழ்' என்றால் தகரத்தின் வெடிப்போடும் ழகரத்தின் வளைவோடும் முழுச்சொல்லே திரும்பி வந்து, அவர் அடுத்துச் சொல்லும் சொல்லின்மேல் அமர்கிறது. நாடா எதிரொலியில் மெய் உதிர்வதால் பின்வரும் சொல்லின் மெய்க்கு இடம் கிடைத்தது. இங்கே மெய்யோடு மெய் மோதுகிறது. குறை என்று எண்ணிப் பொறியாளர் களைந்த மங்கலே, சொல்லுக்கு நிழலாகவும் காவலாகவும் இருந்தது என்பது ஆராயத்தக்க உண்மை. திரைப்படங்களில் அசரீரி பேசும்போதும், மனச்சாட்சி இடித்துரைக்கும்போதும் எதிரொலி பொருந்திற்று. அங்கே சொற்கள் சில, இடைவெளி பெரிது. அதே திருகியைத் திருப்பி வைத்து அரைமணி நேரம் ஆண்டறிக்கை வாசித்தால் பொருந்துமா?

இதற்கு மறுப்பும் உண்டு. எதிரொலி இன்றேல் குரல் வறண்டு கேட்கிறது. பாடுவோர்க்குத் துணையில்லை என்பர். பாட்டைப் பொறுத்தவரை அது மெய்யே. பாட்டில் உயிர் நீள்கிறது. அசைகள் விலகி நிற்கின்றன. எதிரொலிக்கு இடம் உண்டு. நம் கூத்து மரபே இதற்குச் சான்று. ஆட்டக்காரர் ஓரடியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கித் திருப்பிப் பாடுவர். 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவந்தபோது அவையோர் கேட்டதும் இம்மனித எதிரொலியையே. ஆனால் பிற்பாட்டுக்காரர் ஆட்டக்காரரின் சொல்மேல் விழுவதில்லை. அடி முடியும்வரை பொறுத்திருந்து, முடிந்தபின் எடுப்பர். பொறுத்தல் அறிந்த எதிரொலி அது. பொறிக்கு அப்பொறுமையை நாமே கற்பித்தல் வேண்டும்.

கற்பிக்கும் வழி கடினமன்று. பேச்சு, ஓதல், அறிக்கை ஆகியவற்றுக்கு எதிரொலித் திருகியை முற்றாய் மூடுக. பாட்டுக்குத் தாளத்தை ஒட்டிக் காலத்தை அமைக்க: நிமிடத்துக்கு 80 தட்டு விழும் பாட்டில் ஒரு தட்டுக்கு 750 மில்லிசெக்கன், அதன் பாதியாகிய 375இல் எதிரொலியை நிறுத்தினால் அது தாளத்தோடு இணங்கும். உயர்ந்த அதிர்வுகளைக் குறைக்கும் திருகி இருப்பின் எதிரொலிக்கு மட்டும் அதனைக் குறைக்க, வல்லினம் மோதாது. எத்தனை முறை திரும்பலாம் என்னும் ஐயத்துக்கும் இலக்கணத்தில் விடை உண்டு. ஒரு சொல் அடுக்கி வருங்கால் இரண்டு, மூன்று, நான்கு என்பதே எல்லை என்றார் நன்னூலார். அவ்வெல்லையைக் கடந்தது அடுக்கன்று, ஆரவாரம்.

விழா நடத்தும் ஆசிரியர்கள் ஒலிபெருக்கி அமைப்போரிடம் முற்பகலிலேயே இதனைச் சொல்லி, ஒரு மாணவனை மேடையேற்றிக் 'கல், கால், மணம், மனம்' என்று நான்கு சொற்களைச் சொல்லச் செய்து, மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்டுப் பார்க்கலாம். நான்கும் நான்காய்க் கேட்டால் விழாவைத் தொடங்கலாம்.